வில்லுக்கத்தி: அலகுக்கு முன் மடிப்பைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் சுவிஸில் ஒரு உறவினராவது இல்லாத தொடர்மாடி குறைவு. அவர்கள் லீவில் வரும்போது சொக்லேட்டோடு சேர்ந்து வருகிற இன்னொரு பொருள், சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை பொறித்த மடக்குக்கத்தி. அதே சிவப்பில், ஏறத்தாழ அதே தோற்றத்தில், மிகக் குறைந்த விலைக்குப் புறக்கோட்டை நடைபாதையிலும் ஒரு கத்தி கிடைக்கிறது. "அண்ணை, இதுவும் வெட்டுது, அதுவும் வெட்டுது. பிறகு என்ன வித்தியாசம்?" என்று இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் பலர். பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடையொன்றில் பல வருடங்கள் நின்றவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும்.

புதிதாக இருக்கும்போது எந்தக் கத்தியும் வெட்டும். வித்தியாசம் தெரிவது ஆறு மாதத்துக்குப் பிறகு. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அதற்கும் முன்னரே தெரிந்துவிடும். ஒரு நல்ல மடக்குக்கத்தி மொட்டையானால் சாணை பிடித்துக்கொள்ளலாம். மோசமான மடக்குக்கத்தி பழுதாகும்போது வெட்டுப்படுவது பெரும்பாலும் அதைப் பிடித்திருப்பவரின் விரல். ஆகவே, இந்த வகைக் கத்தியை வாங்குமுன் எதை, எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பெயரிலேயே இருக்கும் பாடம்

இதற்குத் தமிழில் மூன்று பெயர்கள் உண்டு. எழுத்தில் மடக்குக்கத்தி என்போம். பேனாக்கத்தி என்பது, ஐரோப்பாவில் இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கு வைத்திருந்த சின்னக் கத்தியின் பெயரிலிருந்து வந்தது. ஊரில் பெரியவர்கள் சொல்வது வில்லுக்கத்தி. சுவர் மணிக்கூட்டுக்குள் இருப்பதை வில்லு என்று சொல்கிறோம் அல்லவா, அதே வில்லுத்தான். மூன்றிலும் இந்தப் பெயரே கத்தியின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்கிறது.

சாதாரண வில்லுக்கத்தியில் நான்கு பகுதிகள் உண்டு. வெட்டுகிற அலகு, அலகு சுழல்கிற ஆணி, பிடியின் முதுகோடு நீளமாக ஓடுகிற வில்லு, இவற்றை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் தகடுகள். அலகின் அடிப்பகுதி ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். வில்லு அந்தச் சதுரத்தின் தட்டையான பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். நீங்கள் அலகைத் திறக்கும்போது சதுரத்தின் மூலை வில்லை உயர்த்துகிறது. மூலை தாண்டியதும் வில்லு அடுத்த தட்டையில் "டக்" என்று விழுகிறது. திறந்த அலகு திறந்தபடி நிற்பதும், மூடிய அலகு சட்டைப்பைக்குள் தானாகத் திறக்காமல் இருப்பதும் இந்த ஒரே அழுத்தத்தினால்தான்.

சுவிஸ் கத்தியின் புகழுக்கும் வில்லே காரணம். சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், 1891இல் அந்நாட்டு இராணுவத்துக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். படைவீரரின் கத்தி உறுதியானது, ஆனால் பாரமானது. அதைவிட இலேசான ஒன்றைச் செய்ய முயன்ற எல்செனர், பிடியின் இரு பக்கத்துக் கருவிகளையும் ஒரே வில்லினால் அழுத்திப் பிடிக்கும் முறையைக் கையாண்டார். அதனால் அதே தடிப்புக்குள் கூடுதலான கருவிகளை அடக்க முடிந்தது. 1897 ஜூன் 12ஆம் திகதி பதிவுசெய்யப்பட்ட அந்த "அதிகாரிகளின் கத்தி"தான் இன்று நம் உறவினர்கள் கொண்டுவருகிற சிவப்புக் கத்தியின் மூதாதை. விக்டோரிநொக்ஸ் என்ற பெயர், எல்செனரின் தாயார் விக்டோரியாவின் பெயரும், கறள் பிடிக்காத உருக்கைக் குறிக்கும் "இனொக்ஸ்" என்ற பிரெஞ்சுச் சொல்லும் சேர்ந்தது.

அந்தக் கம்பனி எல்லாப் பகுதிகளையும் ஒரே கடினத்தில் செய்வதில்லை. உருக்கின் கடினத்தை ரொக்வெல் "சி" என்ற அளவால் சொல்வார்கள். அவர்களது கத்தியில் அலகு அந்த அளவில் 56. வில்லு 49. அலகு கூரை வைத்திருக்க வேண்டும், அதனால் கடினம். வில்லு ஆயிரக்கணக்கான தடவை வளைந்து மீள வேண்டும், அதனால் சற்று மென்மை. மலிவான கத்திகளில் இந்த வேறுபாட்டை யாரும் யோசித்திருப்பதில்லை. சில மாதங்களில் வில்லு தளர்ந்து அலகு "தொளதொள" என்று ஆடுவது அதனால்தான்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. பாக்குவெட்டியும் ஓர் ஆணியில் இரண்டு கை சுழலும் கருவிதானே. வெற்றிலைத் தட்டம் வைத்திருந்த ஆச்சிமார் புதுப் பாக்குவெட்டி வாங்கும்போது பூவேலையைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் ஒரு கையை மட்டும் பிடித்து மற்றக் கையை விழவிடுவார்கள். மெதுவாக, தடையில்லாமல், பக்கவாட்டில் ஆடாமல் இறங்கினால் சரி. மடக்குக்கத்திக்கும் அதே கண்தான் வேண்டும்.

பூட்டுள்ளதும் இல்லாததும்

வில்லு மட்டும் உள்ள கத்தியில் பூட்டுக் கிடையாது. அலகின் முதுகில் போதிய அழுத்தம் விழுந்தால் அது மூடும். பழம் சீவ, நூல் வெட்ட, கடித உறை திறக்க அது போதும். குத்துவது, திருகுவது, அழுத்தி நெம்புவது போன்ற வேலைகளுக்குப் பூட்டுள்ள கத்தி வேண்டும். பொதுவாகக் காணப்படும் பூட்டுகள் மூன்று.

முதலாவது முதுகுப் பூட்டு. பிடியின் முதுகில் ஒரு நெம்புகட்டை இருக்கும். அலகின் அடியிலுள்ள வெட்டில் அது கொக்கிபோல விழும். மூடுவதற்கு அதை விரலால் அமுக்க வேண்டும்.

இரண்டாவது உள்தகட்டுப் பூட்டு. பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டின் ஒரு பகுதி வில்லாக வளைந்து, அலகு திறந்ததும் அதன் அடிக்குப் பின்னால் வந்து முட்டுக்கொடுக்கும். இன்று சந்தையில் அதிகம் இருப்பது இதுதான். நன்றாகச் செய்தால் மிக உறுதியானது. மோசமாகச் செய்தால் மிக ஆபத்தானதும் இதுவே.

மூன்றாவது வளையப் பூட்டு. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்படும் ஒப்பினெல் கத்தியில், கழுத்தில் உள்ள உலோக வளையத்தைத் திருப்பினால் அலகு மூட வழியில்லாமல் போகும். இந்த வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. கண்ணால் பார்த்தே பூட்டியிருக்கிறதா என்று சொல்லக்கூடிய பூட்டு என்பதால் புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

உள்தகட்டுப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் பெட்டி உடைக்கும் வேலை பார்த்த ஒரு பொடியன். முதலாளி வாங்கிக் கொடுத்த கத்தி, கறுப்பு நிறம், பார்வைக்கு நல்ல கம்பீரம். ரேப் ஒட்டிய பெட்டியில் முனையைக் குத்தி இழுத்தபோது பூட்டு வழுக்கி அலகு அவனது சுட்டுவிரலில் மூடியது. தோல் ஆறிவிட்டது. ஆனால் உள்ளே தசைநாண் வெட்டுப்பட்டதால் அந்த விரல் இன்றும் முழுதாக மடிவதில்லை. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளமும் இல்லை.

அந்தக் கத்தியை அவனது அக்கா என்னிடம் கொண்டுவந்து காட்டினார். திறந்து வெளிச்சத்தில் பிடித்தேன். பூட்டுத் தகடு அலகின் அடிக்குப் பின்னால் முழுதாக வந்து நிற்கவில்லை. ஓரத்தில் நகக்கண் அளவு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. தகடு ஒரு தகர டின் மூடியைவிடச் சற்றுத் தடிப்பு, அவ்வளவுதான். சுழல் ஆணியின் திருகும் பாதி கழன்றிருந்தது. முனையைக் குத்தி அழுத்தும்போது அலகைப் பின்னோக்கித் தள்ளும் விசை முழுவதையும் அந்த ஓரம் ஒன்றே தாங்க வேண்டியிருந்தது. அலகோ நல்ல கூர். வெட்டுமா என்று மட்டும் பார்த்து வாங்கியவருக்கு அந்தக் கத்தியில் எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

கடையில் செய்ய வேண்டிய ஏழு சோதனைகள்

இவற்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கையும் கண்ணும் நல்ல வெளிச்சமும் போதும். கைபேசியின் ரோச் லைட்டைப் பயன்படுத்துங்கள்.

1. மூடியபடி பாருங்கள். அலகின் முனை பிடிக்குள் முழுதாகப் புதைந்திருக்க வேண்டும். விரலை மேலே மெதுவாக ஓட்டினால் எங்கும் முள்போல இடறக்கூடாது. முனை வெளியே தெரிந்தால் அது சட்டைப்பையையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும். அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

2. அலகு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது இரு தகடுகளுக்கும் இடையில் அலகு சம தூரத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து தகட்டில் உரசினால் ஆணி கோணலாகத் துளைக்கப்பட்டிருக்கிறது, அல்லது அலகு வளைந்திருக்கிறது. உரசிய இடத்தில் கீறலும் பிறகு கறளும் வரும்.

3. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வில்லுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒளி ஊடுருவக்கூடாது. அங்கே மயிரளவு இடைவெளி இருந்தாலும் தண்ணீர், மாம்பழச் சாறு, மீன் நீர் எல்லாம் போய் நிற்கும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் முதுகில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வில்லும் தகடும் ஒரே மட்டத்தில் இருந்தால் செய்தவர் கவனமானவர்.

4. மெதுவாகத் திறவுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை இழுவை ஒரே சீராக இருக்க வேண்டும். மணல் அரைபடுவது போன்ற உணர்வு இருந்தால் உள்ளே பிசிர் நீக்கப்படவில்லை. முடிவில் தெளிவான "டக்" சத்தம் வேண்டும். நகமே உடைகிற அளவுக்கு இறுக்கமாக இருப்பதும் குறைதான். வயதானவர்கள் ஈரக் கையால் திறக்கும்போது வழுக்கித் தங்களையே வெட்டிக்கொள்வார்கள்.

5. ஆட்டத்தைச் சோதியுங்கள். பிடியை ஒரு கையில் இறுக்கிப் பிடித்து, மறு கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அலகின் முதுகை முனைக்கருகில் பற்றுங்கள். இடம் வலமாக அசையுங்கள், பிறகு மேலும் கீழுமாக அசையுங்கள். இடம் வல ஆட்டம் சிறிதளவு இருந்து, ஆணி திருகாணியாக இருந்தால் இறுக்கிச் சரிசெய்யலாம். மேல் கீழ் ஆட்டம் இருந்தால் அது வில்லின் அல்லது பூட்டின் குறை. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. வாங்க வேண்டாம்.

6. பூட்டை உள்ளே எட்டிப் பாருங்கள். உள்தகட்டுப் பூட்டானால், தகடு அலகின் அடித் தடிப்பில் நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஏறி நிற்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டால் வழுக்கும். மறுபக்கத் தகடுவரை போய் ஒட்டினால் அது ஏற்கனவே தேய்ந்தது, அல்லது அளவு தவறியது. பிறகு விரல்கள் எல்லாவற்றையும் அலகு மடியும் பாதையிலிருந்து விலக்கி, பிடியைப் பக்கங்களில் மட்டும் பற்றி, அலகின் முதுகை உள்ளங்கையால் நிதானமாக அழுத்துங்கள். சற்றும் அசையக்கூடாது. மேசையில் அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. அது நல்ல பூட்டையும் கெடுக்கும், செய்ய வேண்டாம்.

7. கையில் பிடித்து வேலை செய்வதுபோல் பாவனை செய்யுங்கள். கூரிய ஓரம் எங்காவது உள்ளங்கையில் அழுத்துகிறதா? கை முன்னோக்கி வழுக்கினால் அலகில் படாமல் தடுக்க ஏதாவது மேடு இருக்கிறதா? மீன் வெட்டிய கையோடு அதைப் பிடிக்க முடியுமா? கண்ணாடிபோல் பளபளக்கும் உலோகப் பிடி அலுமாரியில் அழகு, ஈரக் கையில் மீன் மாதிரி நழுவும்.

இந்த ஏழையும் முடிக்க ஐந்து நிமிடம் போதும்.

அலகு: தடிப்பு என்பது பலமல்ல

பலர் அலகின் முதுகுத் தடிப்பைப் பார்த்துத் "திடமான கத்தி" என்று முடிவு செய்கிறார்கள். தடித்த அலகு கரட்டை வெட்டுவதில்லை, ஆப்பு வைத்ததுபோல் பிளக்கிறது. அன்றாட வேலைக்கு முதுகு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை இருந்தாலே தாராளம். பார்க்க வேண்டியது, முதுகிலிருந்து கூர் வரை அலகு எவ்வளவு சீராக மெலிகிறது என்பதை.

கூரை மேலே திருப்பி, விளக்குக்கு நேரே, கண்ணுக்கு எட்டத்தில் பிடியுங்கள். நல்ல கூரில் வெளிச்சம் தெறிக்காது. எங்காவது வெள்ளிக் கோடாக மின்னினால் அந்த இடம் மொட்டை அல்லது மடங்கியிருக்கிறது. இரு பக்கத்துச் சரிவும் ஒரே அகலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் இருந்தால் கத்தி நேராக வெட்டாமல் ஒரு பக்கம் இழுக்கும். பத்திரிகைக் கடதாசி ஒன்றை விளிம்பிலிருந்து வெட்டிப் பாருங்கள். அடி முதல் முனை வரை ஒரே மாதிரிப் போக வேண்டும். இடையில் கிழித்தால் அந்த இடத்தில் குறை.

முதுகில் அரம் மாதிரிப் பற்கள், அலகில் காரணமில்லாத துளைகள், மண்டையோட்டுப் படம் என்று அலங்காரம் கூடக் கூட, செய்தவர் மடிப்பில் செலவழிக்க வேண்டியதை வேறிடத்தில் செலவழித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கத்தியில் இருபது கருவிகள் இருப்பதும் அப்படித்தான். கருவிகள் கூடினால் பிடி தடிக்கும், வில்லுகள் கூடும், தண்ணீர் தங்கும் சந்துகளும் கூடும். அலகு, போத்தல் திறப்பான், டின் வெட்டி, திருப்புளி, கத்தரிக்கோல். பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவே போதும்.

கடற்காற்றும் உருக்கும்

வெளிநாட்டவர் எழுதும் கத்தி மதிப்பீடுகள் பெரும்பாலும் உருக்கின் கடினத்தைப் பற்றியே பேசும். குளிர்நாட்டில் அது சரி. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் நமக்கு முதல் எதிரி உப்புக்காற்று. மரைன் டிரைவ் பக்கத்து மாடிகளில் ஜன்னல் கம்பியும் ஏசி பெட்டியும் என்ன பாடுபடுகின்றன என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உருக்கில் 10.5 வீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால் அதைக் கறள் பிடிக்காத உருக்கு என்பார்கள். குரோமியம் மேற்பரப்பில் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படையை உண்டாக்கி உள்ளே இருப்பதைக் காக்கிறது. ஆனால் "பிடிக்காத" என்பதற்கு "எளிதில் பிடிக்காத" என்றுதான் பொருள். உப்பு அந்தப் படையைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். சாதாரணக் காபன் உருக்கு நன்றாகக் கூர் எடுக்கும், சாணை பிடிக்கவும் சுலபம். தேசிக்காய் வெட்டி அப்படியே வைத்தால் மறுநாள் காலையில் கறுத்திருக்கும். ஒப்பினெல் இரண்டு உருக்கிலும் வருகிறது. கொழும்பில் இருப்பவர்கள் கறள் பிடிக்காத வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

அதன் மரப்பிடிக்கும் ஒரு குணம் உண்டு. மழைக்காலத்தில் மரம் ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுக்க முடியாது. சவோய் மக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மூடிய கத்தியின் பிடிக்கட்டையின் பின்நுனியை மேசை விளிம்பில் தட்டினால் அலகு சற்று வெளியே எழும்பும். இதைக் குறை என்று கருதித் திருப்பிக் கொடுக்க வேண்டாம். மரத்தின் இயல்பு அது. ஆனால் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்.

அலகில் பிடிக்கும் கறள் கண்ணுக்குத் தெரியும், தேய்த்துவிடலாம். ஆணியிலும் வில்லின் அடியிலும் பிடிக்கும் கறள் தெரியாது. அது மடிப்பைத் தின்றுகொண்டே இருக்கும். எனவே ஆணி எதனால் ஆனது என்று கேளுங்கள். பித்தளைத் தறையாணி கறள் பிடிக்காது. அலகுக்கும் தகட்டுக்கும் இடையில் வெண்கல அல்லது நைலோன் வொஷர் இருந்தால் நல்லது. திருகாணி போட்டு இணைத்த கத்தியைக் கழற்றித் துடைக்கலாம், ஆனால் திருகு தளர்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். தறையாணி போட்டது தளராது, கழற்றவும் முடியாது. இரண்டுக்கும் இடம் உண்டு.

பராமரிப்புச் சுலபம். பாவித்ததும் இளஞ்சூட்டு நீரில் திறந்தபடி கழுவி, மடிப்புக்குள் இருக்கும் தண்ணீரை உதறி, துணியால் துடைத்துக் காயவிட்டு மூடுங்கள். மடிப்பில் ஒரு துளி எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு உதவும், நாள்பட்டால் ஊசிப்போய்ப் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். உணவு வெட்டும் கத்திக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பரபின் பொருத்தம். வயர் சீவ, பெட்டி உடைக்க மட்டும் என்றால் தையல் மெஷின் எண்ணெயே போதும். சாணையைப் பொறுத்தவரை, வேகமாகச் சுற்றும் சில்லில் மெல்லிய அலகைக் கொடுக்காதீர்கள். சூட்டில் முனை நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் உருக்கின் பதம் போய்விட்டது, மறுபடி கூர் நிற்காது. தண்ணீர்க் கல்லில், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 பாகைச் சரிவில், கையால் தீட்டுவதே நல்லது.

முத்திரையை நம்பலாமா?

கத்தியில் பொய் முத்திரை குத்துவது நேற்றுத் தொடங்கியதல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரக் கத்திகளுக்கு உலகெங்கும் பெயர் இருந்த காலத்தில், ஜேர்மனியின் சோலிங்கனில் செய்த மலிவுக் கத்திகளில் ஷெஃபீல்ட் பெயரைப் பொறித்து விற்றார்கள். பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று குறிக்கச் சொல்லி பிரித்தானியா 1887இல் சட்டம் கொண்டுவந்ததற்கு இத்தகைய போலிகளும் ஒரு காரணம். "மேட் இன் ஜேர்மனி" என்ற சொற்றொடர் ஓர் எச்சரிக்கையாகப் பிறந்தது அப்படித்தான். காலம் மாறியது. சோலிங்கன் தரத்தால் பெயர் எடுத்தது, அதன் பெயரையே மற்றவர்கள் திருடத் தொடங்கினார்கள், 1938இல் ஜேர்மனி அந்த ஊர்ப்பெயரைச் சட்டத்தால் பாதுகாத்தது.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவது பலனற்றது என்பதை இந்த வரலாறே காட்டுகிறது. முத்திரையைப் பொறிப்பது சுலபம், மடிப்பைச் சரியாகச் செய்வது கடினம். மேலே சொன்ன ஏழு சோதனைகளிலும் தேறுகிற பெயரில்லாத கத்தி ஒன்று கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். புகழ்பெற்ற பெயரோடு மேல் கீழ் ஆட்டமும் இருந்தால், அது போலி என்றாலும் உண்மை என்றாலும் உங்களுக்கு நட்டம் ஒன்றுதான். 2022 நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான் எதையும் இரண்டாம் தடவை வாங்கும் நிலையில் நம்மில் பலர் இல்லை.

கொண்டு திரிவது பற்றி

இந்த ஊரில் கத்தியைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டிய தலைமுறை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் இருக்கிறது. பழம் சீவும் கத்திக்கும் அன்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் இரத்தத்தில் நனைந்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்குமாறு பொதுமக்கள் கேட்கப்பட்டனர். அன்றாட வேலைக் கத்திகளுக்கு அது பொருந்தாது என்று சொல்லப்பட்டாலும், வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு.

கத்தி வைத்திருப்பது பற்றித் தனியான கட்டளைச் சட்டமே ஆங்கிலேயர் காலத்திலிருந்து இந்நாட்டில் உண்டு. ஆகவே மடக்குக்கத்தியை வேலைப் பெட்டியிலோ, சமையலறை லாச்சியிலோ, சுற்றுலாப் பையிலோ வையுங்கள். காரணமில்லாமல் இடுப்பில் செருகித் திரிய வேண்டாம். பொத்தானை அமுக்கினால் அலகு பாய்கிற வகையை வாங்கவே வேண்டாம். விமானத்தில் வருபவர்கள் கைப்பையில் வைத்தால் பறிமுதலாகும். ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் வையுங்கள். வடிவமைப்பைத் தெரிவு செய்யும்போதும் இது முக்கியம். பார்த்ததும் கருவி என்று தெரிகிற கத்தி ஒன்று, பார்த்ததும் ஆயுதம் என்று தோன்றுகிற கத்தி ஒன்று. இரண்டும் ஒரே மாதிரித்தான் வெட்டும். வாசலில் நிற்கும் காவலாளிக்கு அவை ஒன்றல்ல.

கடைசியாக ஒரு வார்த்தை. மடிக்க வேண்டிய தேவை உண்மையில் இருக்கிறதா என்று யோசியுங்கள். வீட்டுச் சமையலறையில் மட்டும் பாவிப்பதானால் மடியாத சாதாரணக் கத்தியே எப்போதும் மேல். அதில் வழுக்க ஆணியும் இல்லை, தளர வில்லும் இல்லை, கழுவவும் சுலபம். பயணத்துக்கு, தொழிலுக்கு, வேலைத்தளத்துக்கு என்றால் மடக்குக்கத்தி வாங்குங்கள். வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள், பெட்டி உடைக்கும் பிள்ளைகளுக்கு வாங்கும் கத்தியை உங்கள் சொந்தக் கையில் ஐந்து நிமிடம் சோதித்த பிறகு கொடுங்கள். பிளாஸ்ரிக் உறையைப் பிரித்துக் கையில் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். பழைய சோனகத் தெருவில் அடுத்த கடை பத்து அடி தூரத்தில்தான் இருக்கிறது.